எடை வேறு, இயக்கம் வேறு

பதுளையிலிருந்து பசறை வழியாக நமுனுகுலவை நோக்கிப் பயணஞ் செய்வோர், வளைந்து வளைந்து மேலேறும் பாதையின் இருமருங்கிலும் தேயிலை நிரைகள் சரிவிலே இறங்கி நிற்பதைக் கண்டு மகிழ்வர். 2036 மீற்றர் உயரமுடைய அம்மலைக்கு ஒன்பது கொடுமுடிகள் உண்டென்றும், அவற்றாலேயே இப்பெயர் அமைந்ததென்றும் கூறுவர். காண வந்தவருக்கு அது எழில்மிக்க காட்சி. அங்கு வாழ்பவருக்கோ அது நாள்தோறும் ஏறி இறங்கவேண்டிய சரிவு.

விடியற்காலையில் பிரட்டுக் களத்திலே பெயர் கொடுத்துவிட்டு, இடுப்பிலே படங்கைக் கட்டி, கூடையின் கயிற்றைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு பெண்கள் மலைக்குச் செல்கின்றனர். கூடைக்குப் பதிலாக இக்காலத்திற் பையைக் கொண்டு செல்வோரும் பலர். நாளில் இரண்டு மூன்று முறை அவர்கள் பறித்த கொழுந்து நிறுக்கப்படுகின்றது. தராசு கொழுந்தின் எடையைச் சொல்லுகின்றது; அந்த எடையைப் பொறுத்தே நாட்சம்பளம் அமைகின்றது. ஆனால் அக்கொழுந்தைச் சுமந்து வந்த உடலைப் பற்றித் தராசு யாதும் சொல்வதில்லை. சுமந்து வந்தவரையே தராசில் ஏற்றினாலும், அது சொல்லக்கூடியது மிகச் சிறிதளவே.

ஐம்பது வயதுடைய பெண்ணொருத்தி கையூன்றாமல் தரையிலிருந்து எழுந்திருக்க முடியாது வருந்துகிறாள் என்று வைத்துக்கொள்வோம். “வயதாகிவிட்டது” என்பார் ஒருவர். “பெண்ணுடம்பு அப்படித்தான்” என்பார் இன்னொருவர். “எடை கூடிவிட்டது” என்றோ “மெலிந்துவிட்டாள்” என்றோ கூறுவார் வேறொருவர். இவ்விடைகள் எவ்வளவு தூரம் உண்மை? குனிதல், நிமிர்தல், ஏறுதல், இறங்குதல், சுமத்தல், எழுதல் ஆகிய அன்றாட அசைவுகளைச் செவ்வையாகச் செய்யும் ஆற்றல் எதனால் அமைகின்றது? ஆணுடல், பெண்ணுடல் என்னும் வேறுபாடு அதில் எவ்வளவு பங்கு பெறுகின்றது? இவற்றையே இன்று ஆராய்வோம்.

முதலில் எடையை எடுத்துக்கொள்வோம். பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் கெற்றலே என்பவர், ஒருவரது எடை அவரது உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமைகின்றதென 1832 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். இன்று வைத்தியசாலைகளிற் கணிக்கப்படும் உடற்றிணிவுச் சுட்டி அக்கணக்கின் வழிவந்ததே. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். கணக்கு எளிது. ஆயின் அது தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது. ஒரு கிலோ தசையும் ஒரு கிலோ கொழுப்பும் அதற்கு ஒன்றே. உடலை அசைப்பது தசை. அசைக்கப்படும் பாரமாய் நிற்பது கொழுப்பு. வண்டியை இழுக்கும் மாட்டையும் வண்டியிலுள்ள மூட்டையையும் ஒன்றாகக் கூட்டிச் சொன்னால் வண்டி எவ்வாறு ஓடுமென்று அறிய முடியுமா?

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக், இலண்டன் நகரத்து மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் தம்முடைய உடல்களையே அளந்து, 2004 ஆம் ஆண்டில் லான்செற் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். இருவருக்கும் உடற்றிணிவுச் சுட்டி ஒன்றே: 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு; இந்தியரின் உடலிலோ நூற்றுக்கு 21.2 பங்கு. ஒல்லியாகத் தோன்றும் தென்னாசிய உடலுக்குள் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருக்கலாம் என்பதை இது தெளிவாக்கியது. ஆசிய மக்களுக்கு 23 என்னும் அளவிலேயே எச்சரிக்கை வேண்டுமென உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் அதே ஆண்டிற் கூறியதும் இத்தகைய காரணத்தாலேயே.

இனி ஆண், பெண் வேறுபாட்டுக்கு வருவோம். இயற்கை இருவர் உடலையும் ஒரே கலவையில் ஆக்கவில்லை. உயிர் வாழ்வதற்கு இன்றியமையாத கொழுப்பு ஆணுடலில் ஏறத்தாழ நூற்றுக்கு 3 பங்கு என்றும், பெண்ணுடலில் 12 பங்கு என்றும் கணிப்பர். கருவைத் தாங்கவும் பாலூட்டவும் இயற்கை வைத்த சேமிப்பு அது, குறைபாடன்று. தசையின் அளவோ இதற்கு மாறானது. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில் 468 ஆடவர், மகளிரின் உடல்கள் காந்தப் படமுறையால் அளக்கப்பட்டன. ஆணின் எடையில் நூற்றுக்கு 38 பங்கும், பெண்ணின் எடையில் 31 பங்கும் எலும்புகளைச் சார்ந்த தசையாக இருந்தன. இவ்வேறுபாடு உடலின் மேற்பாதியிலேயே மிகுதி. கால்களில் அத்துணை இல்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

இவ்வேறுபாடு அசைவிலே எவ்வாறு வெளிப்படுகின்றது? அமெரிக்காவில் கிறே குக், லீ பேர்ட்டன் என்னும் உடற்பயிற்சி நிபுணர்கள் 1990-களில் வகுத்த சோதனைமுறையொன்று இக்கேள்விக்கு உதவுகின்றது. அதில் ஏழு அசைவுகள் உண்டு. கோலொன்றைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு குந்துதல். தடையொன்றைத் தாண்டிக் காலெடுத்து வைத்தல். ஒரே கோட்டிற் காலை முன்வைத்து முழங்கால் மடித்தல். இரு கைகளையும் முதுகுப்புறத்தில் ஒன்றையொன்று அணுகச் செய்தல். மல்லாந்து கிடந்து காலை மடிக்காமல் உயர்த்துதல். குப்புறக் கிடந்து உடலைப் பலகைபோல் நேராக வைத்துக் கைகளால் எழும்புதல். முழங்காலும் கையும் ஊன்றி நின்று ஒரு கையையும் ஒரு காலையும் நீட்டுதல். ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளிகள், மொத்தம் 21. அசையும்போது வலி தோன்றினால் அதற்குப் புள்ளியில்லை.

நியூசிலாந்தில் 18 முதல் 40 வயதுவரையுள்ள 209 பேரை இவ்வாறு சோதித்து 2011 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மொத்தப் புள்ளியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அம்மொத்தத்தை அடைந்த வழி வேறு. தோள் வளைவிலும் காலுயர்த்தலிலும் பெண்கள் முந்தினர். கைகளால் உடலை எழுப்புவதிலும் உடலின் நடுப்பகுதியை நிலையாக நிறுத்துவதிலும் ஆண்கள் முந்தினர். நெகிழ்ச்சி ஒருபால், உறுதி மறுபால் எனலாம். இன்னொன்றையும் மறத்தலாகாது. கைகளால் எழும்பும் சோதனையில் ஆண்கள் நெற்றிக்கு நேராகவும் பெண்கள் மோவாய்க்கு நேராகவும் கைகளை வைக்கவேண்டுமென்பது விதி. மேலுடற் தசையின் வேறுபாட்டைச் சோதனையே முன்கூட்டி ஏற்றுக்கொண்டுள்ளது. நடுத்தர வயதினரை ஆராய்ந்து கனடாவில் 2013-இல் வெளியிட்ட முடிவும் இதற்கு ஒத்ததே: மொத்தப் புள்ளியைக் குறைத்தவை வயதும் உடற்றிணிவின் மிகுதியும், ஆண், பெண் என்னும் பிறப்பன்று.

இச்சோதனையை வருவதுரைக்கும் சாத்திரமாகக் கொள்ளுதல் பிழை. 14 அல்லது அதற்குக் குறைந்த புள்ளி பெற்றவர்க்குக் காயம் மிகுதியாக நேருமென 2007 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பந்தாட்டக்காரரிடம் நடத்திய சிற்றாய்வொன்று கூறியது. பின்வந்த விரிவான ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. உடலின் எப்பகுதி நெகிழவில்லை, எப்பகுதி உறுதியற்றது என்பதைக் காட்டும் கண்ணாடியாக மட்டும் இதனைக் கொள்ளலாம்.

இக்கண்ணாடியைக் கையிற் கொண்டு மீண்டும் நமுனுகுலச் சரிவுக்குச் செல்வோம்.

தோட்டத்து வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு அசைவுகள் நெடுங்காலமாக வகுக்கப்பட்டுள்ளன. கவ்வாத்து வெட்டுதல், கான் வெட்டுதல், முள்ளுக் குத்துதல் ஆகியவை பெரும்பாலும் ஆண்களுக்குரியவை. இவற்றிலே தோளும் முதுகும் வலுவாக வீசப்படுகின்றன. வேலையும் பெரும்பாலும் நண்பகலைச் சிறிது கடந்ததும் முடிந்துவிடுகின்றது. கொழுந்து பறித்தல் பெண்களுக்குரியது. அதிலே பெருவலிமை வேண்டுவதில்லை. ஆனால் விரல்களும் மணிக்கட்டும் ஆயிரமாயிரம் தடவை ஒரே அசைவைச் செய்கின்றன. முதுகு சற்றே முன்குனிந்தபடி மணிக்கணக்காக நிற்கின்றது. கழுத்து கூடையின் கயிற்றைத் தாங்குகின்றது. மாலையில் வீடு திரும்பினால் அடுப்பும் தண்ணீரும் பிள்ளைகளும் காத்திருக்கும்.

சுமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வேளைக்கு 9 கிலோ கொழுந்து சுமக்கப்படுகின்றது என்று கொள்வோம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது தம் எடையில் ஏழிலொரு பங்கு. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கோ ஐந்திலொரு பங்கு. மழை நாளிற் கொழுந்தின் ஈரமும் நனைந்த படங்கும் இதனோடு சேரும். தராசுக்கு 9 கிலோ 9 கிலோவே; முதுகுக்கு அவ்வாறன்று.

தலைக்கயிற்றாற் சுமப்பது பிழையான முறையென எண்ணுதல் வேண்டா. நேபாளத்து மலைச் சுமைகாரர் இதே முறையிற் சுமப்பதை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டனர். அங்கே ஆண்கள் சராசரியாகத் தம் எடையில் நூற்றுக்கு 93 பங்கும், பெண்கள் 66 பங்கும் சுமந்தனர். அதுவும் மிகக் குறைந்த சக்திச் செலவோடு. ஆனால் அவர்கள் மெல்ல நடந்து, அடிக்கடி நின்று இளைப்பாறிச் செல்வர். பழக்கமும் ஓய்வும் சேர்ந்தாலன்றி அத்திறம் அமையாது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று அளவு குறித்து விரையச் சொல்லும் வேலையில் அந்த ஓய்வு எளிதிற் கிடைப்பதில்லை.

ஏற்றத்தைவிட இறக்கமே முழங்காலுக்குக் கொடியது. ஏறும்போது இளைப்பது நெஞ்சு. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே தடைக்கட்டை போல் உடலைப் பிடித்து நிறுத்தவேண்டும். அத்தசை தளர்ந்தவிடத்து அதிர்ச்சி முழுவதும் மூட்டைச் சேர்கின்றது. பெண்களுக்கு இடுப்பெலும்பு அகன்றிருப்பதால் தொடையெலும்பு சற்று உட்சாய்ந்து முழங்காலைச் சேர்கின்றது. பந்து விளையாடும் பெண்களுக்கு முழங்காலின் உள்நார் அறுதல் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுதி என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. ஆயினும் குதித்து இறங்கும் முறையையும் தொடை வலிமையையும் பயிற்றுவித்தால் அக்காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கலாமென்பதும் நிறுவப்பட்டுள்ளது. எலும்பின் அமைப்பை மாற்ற முடியாது. அதனைக் காக்கும் தசையை வளர்க்க முடியும்.

தசையிருந்தாற் போதுமா? அதற்கு உயிர்வாயுவைக் கொண்டு சேர்க்கும் குருதியும் வேண்டும். இதனை உலகுக்கு உணர்த்திய ஆராய்ச்சிகளுள் ஒன்று இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமே நடைபெற்றது. அமெரிக்க ஆய்வாளர் எட்ஜர்ட்டன், இலங்கை மருத்துவர் செனவிரத்ன முதலியோர் 1979 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அதனை வெளியிட்டனர். ஒரு சாராருக்கு இரும்புச்சத்தும், மற்றொரு சாராருக்குச் சத்தில்லாத போலி மருந்தும் கொடுக்கப்பட்டன. குருதியில் ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் கூடுதலான கொழுந்து பறித்தனர். குருதிச்சோகை மிகுந்திருந்தவர்களிடமே முன்னேற்றமும் மிகுந்திருந்தது. அதுமட்டுமன்று, இரும்புச்சத்துப் பெற்றவர்கள் வேலை நேரத்துக்கு அப்பாலும் மிகுதியாக நடமாடினர்.

இம்முடிவின் பொருள் யாது? அவர்களை அதட்டியவர் எவருமில்லை; வேகத்தைக் கூட்டச் சொன்னவருமில்லை. குருதி தேறியது, உடல் தானே அசைந்தது. சோம்பலென்றும் பெண்மையின் மென்மையென்றும் பலரும் எண்ணியிருக்கக்கூடிய தளர்வின் பின்னே இரும்புக் குறைவு இருந்தது. மாதவிலக்காலும் பிள்ளைப்பேற்றாலும் பெண்ணுடல் இரும்பை இழக்கின்றது. ஆகவே ஆணைவிட மிகுதியாக உண்ணவேண்டியவள் அவள். பல குடும்பங்களில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பவளும் அவளே.

இதில் நாம் அறியவேண்டிய இன்னொரு செய்தி உண்டு. உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், பயறு, கீரை, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்பு உடலிற் சேர்வதைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கவல்லது. கோதுமை மாவு ரொட்டியும் சாயத் தேநீரும் ஒருங்கே உண்ணும் வழக்கத்தில், தேயிலை பறிக்கும் கைகளுக்கே தேயிலை தடையாகி விடுகின்றது. உணவுக்கும் தேநீருக்குமிடையே ஒரு மணி நேரம் விட்டால் இத்தடை பெரிதும் நீங்கும். கீரைக்கும் பருப்புக்கும் தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்பு நன்கு சேரும். சிறிது கருவாடேனும் உடனிருத்தல் மேலும் நன்று.

உடலின் ஆக்கம் வளர்ந்தபின் மட்டும் அமைவதன்று. 2016 ஆம் ஆண்டில் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். உயரங்குன்றிய பிள்ளை பெரும்பாலும் தசைகுன்றிய பெரியவராகவே வளரும். இன்று பிள்ளைக் காம்பராவில் இருக்கும் குழந்தைக்குக் கிடைக்கும் பாலும் முட்டையும், நாற்பது ஆண்டுகளின் பின் அது மலையேறும் திறத்தை நிர்ணயிக்கின்றன.

மறுபுறத்தில், மாதவிலக்கு நின்றபின் ஈஸ்திரசன் என்னும் ஓமோன் குறைய, பெண்ணின் எலும்பும் தசையும் தேய்கின்றன. கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கின்றது. ஆண்களுக்கும் தசை குறையும். ஆனால் முதலிலேயே சேமிப்பு மிகுதியாதலால் வறுமை தாமதித்துத் தெரிகின்றது. தோட்ட வேலையை விட்டு வீட்டில் அமர்ந்தோரும், பதுளை போன்ற நகரங்களிற் கடையிலும் அலுவலகத்திலும் இருந்து வேலை செய்வோரும், சுமையை இறக்கிவிட்டோமென எண்ணுவர். உடலே சுமையாகும் நிலை அங்கே தொடங்குகின்றது. பருத்த முதியவர் ஓர் இறாத்தல் எடை குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது விழும் பாரம் நான்கு இறாத்தல் குறைவதாக 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

நேயர்கள் தம் இயக்கத்தைத் தாமே அறிந்துகொள்ள இரண்டு எளிய வழிகள் உண்டு. கைப்பிடியில்லாத நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பிற் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து அமருங்கள். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவுப்படி, 12 விநாடியோ அதற்கு மேலோ சென்றால் கால்களின் ஆற்றல் குறைந்துள்ளது என்பது பொருள். இவ்வளவு ஆண், பெண் இருவர்க்கும் ஒன்றே. ஆனால் கைப்பிடியின் வலிமைக்கு ஆண்களுக்கு 28 கிலோவும் பெண்களுக்கு 18 கிலோவும் என அதே குழு வெவ்வேறு எல்லைகளை வைத்துள்ளது. மேலுடலில் வேறுபாடு மிகுதி, கீழுடலிற் குறைவு என்று முன்னர்க் கண்ட உண்மைக்கு இது இசைவாகவே உள்ளது.

இரண்டாவது, தரையில் அமர்ந்து எழுதல். பிரேசில் நாட்டு மருத்துவர் அரௌஜோவும் உடனாய்வாளரும் 51 முதல் 80 வயதுவரையுள்ள 2002 பேரை இவ்வாறு சோதித்துப் பல ஆண்டுகள் கவனித்தனர். கையோ முழங்காலோ ஊன்றாமல் அமர்ந்தெழ வல்லவர்கள் நெடிது வாழ்ந்தனர். நம் பாட்டன் பாட்டிமார் பாயில் அமர்ந்து உண்டு, எழுந்து, மீண்டும் அமர்ந்தது எத்துணைப் பெரிய பயிற்சி என்பதை இதனால் உணரலாம். மூட்டு வலியுள்ளோரும் முதியோரும் அருகில் ஒருவரை வைத்துக்கொண்டே இதனைச் செய்தல் வேண்டும்.

சோதனையிற் பின்தங்கியோர் மனந்தளர வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டில் அமெரிக்காவில், முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் காலால் எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். இறுதிவரை நின்றவர்களின் தொடை வலிமை சராசரியாக முன்னிருந்ததைவிட இரண்டரை மடங்குக்கு மேலாயிற்று. தொண்ணூறில் வளரும் தசை ஐம்பதில் வளராதா?

நாள் முழுதும் மலையில் உழைப்பவருக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. உழைப்பு உடலின் சில பகுதிகளை மட்டுமே ஓயாது தேய்க்கின்றது; பயிற்சி மறந்த பகுதிகளை எழுப்புகின்றது. முன்குனிந்தே நின்ற முதுகுக்குப் பின்வளைவும், கயிறு தாங்கிய கழுத்துக்கு மெல்லிய திருப்பமும், மூடியே பறித்த விரல்களுக்கு அகல விரித்தலும் வேண்டும். இவற்றுக்குச் சில நிமிடங்கள் போதும். கூடையைத் தரையிலிருந்து எடுக்கும்போது முதுகை வளைக்காது முழங்காலை மடித்தல் வேண்டும். அமர்ந்தே வேலை செய்வோருக்கோ ஏற்றமும் படியுமே மருந்து. இவை யாவற்றுக்கும் மேலாக, உணவிற் பருப்பு, பயறு, முட்டை, மீன் ஆகிய புரத உணவு சேராவிடின் எந்தப் பயிற்சியும் தசையாகாது. குருதிச்சோகை உண்டா என்று தோட்டத்து வைத்திய உதவியாளரிடமோ அண்மையிலுள்ள வைத்தியசாலையிலோ சோதித்துக்கொள்ளுதல் பெண்களுக்கு மிக இன்றியமையாதது.

ஆணுடலும் பெண்ணுடலும் வேறுபட்டவை என்பது உண்மை. அவ்வேறுபாடு இயக்கத்தின் பாங்கை மாற்றுமேயன்றி, அதன் தரத்தை முடிவு செய்வதில்லை. தரத்தை முடிவு செய்பவை தசையின் அளவு, கொழுப்பின் அளவு, குருதியின் செழுமை, சுமைக்கும் உடலுக்குமுள்ள விகிதம், இடையே கிடைக்கும் ஓய்வு ஆகியவை. இவற்றுட் பெரும்பாலானவை நாமும் நம் சமூகமும் மாற்றக்கூடியவை. தரையிலிருந்து எழமுடியாது வருந்தும் ஐம்பது வயதுப் பெண்ணிடம், “வயதாகிவிட்டது, பெண்ணுடம்பு அப்படித்தான்” என்று கூறி அமைதல் நேர்மையன்று. அவள் உண்டது என்ன, சுமந்தது எவ்வளவு, இளைப்பாறியது எப்போது என்று கேட்பதே நேர்மை. கொழுந்துத் தராசு கேளாத கேள்விகள் இவை. அவளுடைய கணவரும் பிள்ளைகளும், வேலை வாங்குவோரும் கேட்கவேண்டியவை.